மலை இல்லாத சீமையின் கல்

எங்கள் சீமையில் மலை கிடையாது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரயிலில் வந்தவர்களுக்குத் தெரியும், மானாமதுரை தாண்டியதும் நிலம் அப்படியே படுத்துவிடும். பரமக்குடி, சத்திரக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி என்று மண்டபம் வரைக்கும் கண்மாயும் பனையும் சீமைக்கருவேலமும்தான். இன்றைக்கு வீடு கட்ட ஜல்லி வேண்டுமென்றால் லாரி மேற்கே போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். லாரியே இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? கீழக்கரை, வேதாளை, மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்று கரையோர ஊர்களில் பழைய சுவர்கள் பல நல்ல கனமான கல் சுவர்கள். எந்த மலையை உடைத்து இந்தக் கல் வந்தது?

கடலை உடைத்து வந்தது. எங்கள் ஊர்களின் கல் பவளக்கல், அதன் குவாரி தண்ணீருக்குள் இருந்தது.

சுரங்க ஊர் என்றாலே நமக்கு மலைப்பக்கம்தான் ஞாபகம் வரும். கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனால் அரைத்துப் போட்ட கழிவு மண் குன்று குன்றாக இன்னும் நிற்கிறது, அதைப் பார்த்துக்கொண்டுதான் அந்த ஊர்த் தமிழர்கள் வேலைக்கு ரயில் ஏறி பெங்களூரு போய் வருகிறார்கள். நிலத்தைத் தோண்டினால் குழியும் மேடும் மிஞ்சும், வழியில் போகிற யாருக்கும் விஷயம் புரிந்துவிடும். எங்கள் பக்கம் தோண்டிய குழியை அலை மூடிவிட்டது. மேலே நீலத் தண்ணீர், கரையில் நின்று பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. இப்படி ஒரு சுரங்கத் தொழில் இங்கே நடந்தது என்பதே ராமநாதபுரத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. எனக்கு இது பெரிய வருத்தம்.

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த முறை போனால் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லின் முகம் தெரியும். ஒரு கல்லில் ஊசியால் குத்தியது போன்ற நுண்ணிய துளைகள் நெருக்கமாக இருக்கும். அதற்குப் பக்கத்துக் கல்லில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நடுவை நோக்கி மெல்லிய தகடுகள். இன்னொன்றில் வட்டமே இருக்காது, வரப்புகள் வளைந்து வளைந்து ஒன்றுக்குள் ஒன்று ஓடும். மூன்றும் மூன்று வகைப் பவளம். அந்த ஒவ்வொரு துளையும் வட்டமும் ஒரு சின்ன உயிர் உட்கார்ந்திருந்த இடம். செங்கல் மாதிரி வெட்டி அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சுவர் முழுக்கக் கடலுக்குள் வளர்ந்தது.

எவ்வளவு காலத்தில் வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாறை போல உருண்டு திரண்டு வளரும் வகை வருஷத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். ஓர் அடி கனத்தில் ஒரு கல் என்றால் கிட்டத்தட்ட முப்பது வருஷம். ஒரு சுவருக்கு எத்தனை கல், ஒரு வீட்டுக்கு எத்தனை சுவர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் அப்பத்தா வீடு இந்தக் கல்லில் கட்டியதுதான். சித்திரை வெயிலில் தெருவில் கால் வைக்க முடியாது, உள்ளே திண்ணையைத் தாண்டினால் உடம்பு குளிர்ந்துவிடும். கல்லுக்குள் முழுக்கக் காற்றுப் பொந்துகள் இருப்பதால் சூடு சீக்கிரம் உள்ளே இறங்காது. கொத்தனார்களுக்கும் இந்தக் கல் பிடிக்கும். கருங்கல்லுக்கு உளி வேண்டும், இதைக் கோடரியாலேயே செதுக்கிவிடலாம். கடலிலிருந்து எடுத்த ஈரத்தில் மென்மையாக இருக்கும், காயக் காய இறுகும். எடையும் குறைவு. சாந்து அந்தத் துளைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும், பிறகு பிரிப்பது கஷ்டம். இரும்புக் கம்பி எதுவும் கிடையாது, அதனால் உப்புக் காற்றில் துருப்பிடித்துச் சுவரைப் பிளக்கவும் எதுவும் கிடையாது. 1964 புயலுக்கு அப்புறம் பராமரிப்பே இல்லாமல் அறுபது வருஷமாகத் தனுஷ்கோடிச் சுவர்கள் சில நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லாக் கல்லும் உயிரோடு உடைத்து எடுத்ததில்லை. ராமேஸ்வரம் தீவின் வடகரையில் பழைய பவளப்பார், அதாவது பவளம் கூடி வளர்ந்த திட்டு, ஒன்று தரைமட்டத்துக்கு மேலே செத்துக் கிடக்கிறது. சுமார் 4000 வருஷத்துக்கு முன்னால் கடல் மட்டம் இப்போதைவிட உயரமாக இருந்தபோது வளர்ந்தது. பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தப் பாரையும் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறார். அதை வெட்டினால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. வீட்டுக்குக் கல் எடுத்த காலம் வரைக்கும் கடலும் தாங்கிக்கொண்டது என்றுதான் சொல்வேன். ஊருக்குப் பத்துப் பெரிய வீடு, ஒரு பள்ளிவாசல், ஒரு கோயில் மதில். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள், எடுத்தது நூற்றாண்டுக் கணக்கில் நின்றது.

விஷயம் மாறியது சுண்ணாம்பு சுடும் காளவாயில்தான்.

பவளம் என்பது சுத்தமான சுண்ணாம்புக் கல். விறகும் கரியும் ஓர் அடுக்கு, கல் ஓர் அடுக்கு என்று காளவாயில் போட்டு 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் கரியமில வாயு பிரிந்து வெள்ளைக் கட்டியாகிவிடும். தண்ணீர் தெளித்தால் புகைந்து பொடியாகும், அதுதான் நீற்றிய சுண்ணாம்பு. எங்கள் ஊரில் சுண்ணாம்பு இல்லாமல் ஒரு நாள் ஓடாது. வெற்றிலைக்கு வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும். பனையேறிகளுக்கு அதைவிட முக்கியம். பானையின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டினால்தான் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள்ளாகிவிடும். அந்தப் பதநீரைக் காய்ச்சிய கருப்பட்டியே மறுபடி கட்டடச் சாந்தில் போய்க் கடுக்காய்த் தண்ணீரோடு கலக்கும். பனைக்கும் கடலுக்கும் நடுவில் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. கிளிஞ்சலைச் சுட்டும் சுண்ணாம்பு எடுக்கலாம், எடுத்தார்கள். ஆனால் கிளிஞ்சலைப் பொறுக்கிச் சேர்க்க நாளாகும். பவளக்கல் ஒரு படகு ஏற்றினால் காளவாய் நிறைந்துவிடும்.

1960களிலும் 70களிலும் ஊர்த் தேவைக்கு மேலே ஆலைத் தேவை வந்து சேர்ந்தது. சிமென்ட்டுக்கு, கால்சியம் கார்பைடுக்கு, இன்னும் பல ரசாயனத் தொழில்களுக்கு மன்னார் வளைகுடாப் பவளம் கச்சாப் பொருளானது. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் படகு படகாகக் கல் இறங்கியது. இதில் வேதனை என்னவென்றால், 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல வருஷம் மண்டபம் கேம்ப்பில்தான் இருந்தது. அதன் விஞ்ஞானிகள் இதே பார்களில் இறங்கி வகை வகையாகப் பவளங்களைப் பெயர் சொல்லிப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள், கல் எடுப்பதைப் பற்றியும் அப்போதே கட்டுரைகளில் கவலையோடு எழுதினார்கள். அதே வருஷங்களில்தான் கடப்பாரையும் வேலை செய்தது.

கல் எடுத்தவர்களில் ஒருவரோடு வேதாளைப் பக்கம் ஒரு மதியம் பேசிக்கொண்டிருந்தேன். எண்பதை நெருங்கும் வயது, வலை பின்னிக்கொண்டே பேசினார்.

"வாடைக் காலத்துல தென்கடல் அடங்கிக் கெடக்கும் தம்பி. தண்ணி வத்துற நேரம் பாத்துப் போவோம். நெஞ்சளவு தண்ணியில நின்னுக்கிட்டு கடப்பாரையைக் குடுத்து நெம்பணும். ஒருத்தன் நெம்புனா ஒருத்தன் முங்கித் தூக்குவான்."

"உயிரோட இருக்குன்னு தெரியுமாய்யா?"

"தெரியாம என்ன? கையில புடிச்சா வழுக்கும், சளி சளியா ஒட்டும். கரையில போட்டு ரெண்டு நாள் வெயில் பட்டா நாத்தம் தாங்காது, ஊரே மூக்கைப் பொத்தும். நாத்தம் அடங்கி வெளுத்தப்பெறகுதான் காளவாய்க்காரன் வந்து வெலை பேசுவான்."

"மீன் குறையும்னு தோணலையா?"

கொஞ்ச நேரம் ஊசியை நிறுத்தினார். "சோழக்காத்து நாலு மாசம் கடலுக்குப் போக முடியாது. வீட்டுல அஞ்சு புள்ளைங்க. பாருல மீன் இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? எங்க தாத்தன் மீன்கூடு போட்ட எடம் அது. அங்கதான் போய் ஒடைச்சோம்."

அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. கூலி வாங்கியவர் தண்ணீரில் நின்றார், லாபம் வாங்கியவர் காலில் மணல்கூட ஒட்டியிருக்காது. ஆனால் பார் போன கணக்கு அவர் பேரன்மார் தலையில்தான் விடிந்தது. அவர்கள் இன்றைக்குப் பெரும்பாலும் வெளிநாட்டு வேலையில் இருக்கிறார்கள்.

பார் என்ன வேலை செய்கிறது என்பது கரையில் நின்றாலே தெரியும். தென்மேற்கிலிருந்து சோழக்காற்று அடிக்கும் மாதங்களில் மண்டபத்துக்குத் தெற்கே பார்த்தால், தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். அலை பாரில் மோதி உடைகிற கோடு அது. அங்கே பலம் இழந்துதான் கரைக்கு வருகிறது. எங்கள் பக்கத்து மீனவர்கள் வடக்கே பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அந்த ஆண் கடலின் முரட்டுத்தனத்தைப் பாதி வாங்கிக்கொள்வது இந்தப் பார்களும் அவற்றை ஒட்டிய தீவுகளும்தான்.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகள். குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முயல் தீவு, முள்ளி, வாழை, தலையாரி, அப்பா, ஆனைப்பார், நல்லதண்ணி என்று பெயர்களைச் சொல்லிப் பார்க்கவே ஆசையாக இருக்கும். பெரும்பாலும் பவளச் சல்லியும் மணலும் குவிந்து உண்டானவை, உயரம் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. பாரை எடுத்தால் தீவு நிற்காது. கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லித் தீவும் கடலுக்குள் போய்விட்டன. அலை அரிப்புக்குப் பல காரணம் உண்டு என்றாலும், சுற்றியிருந்த பாரை வெட்டி எடுத்தது முதன்மையான காரணம் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வான் தீவு கரைந்து கரைந்து கடைசியில் அதைக் காப்பாற்ற சிமென்ட்டில் செயற்கைப் பார் செய்து கடலில் இறக்க வேண்டியதாயிற்று. பவளத்தைச் சிமென்ட் ஆலைக்கு அனுப்பிய கடலுக்கே சிமென்ட்டைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறோம்.

சட்டம் வராமல் இல்லை. 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆனது, 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. ஆனாலும் இரவோடு இரவாகக் கல் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. 2001இல் கடினப் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. அப்புறம் 2004 டிசம்பரில் சுனாமி. நாகப்பட்டினம் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்த எங்கள் ஊர் ஆட்கள் தங்கள் கரை ஏன் தப்பியது என்று பேச ஆரம்பித்தார்கள். இலங்கை நடுவில் நின்றதுதான் பெரிய காப்பு. பாரும் தீவும் சேர்ந்து காத்தன என்ற பேச்சும் கரை முழுக்கப் பரவியது. அந்தப் பேச்சுக்கு இருந்த வலு சட்டத்துக்கு இருந்ததில்லை. 2005 வாக்கில் கல் எடுப்பு ஏறக்குறைய நின்றேவிட்டது.

இந்த இடத்தில் தனுஷ்கோடியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கடலை உடைத்துக் கட்டிய ஊரைக் கடலே திருப்பி எடுத்துக்கொண்டது என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் கப்பலும் வந்தபிறகு எழும்பிய ஊர் அது. எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறினால் இங்கே இறங்கிக் கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்விடலாம். ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இருந்த ஐம்பது வருஷம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் அந்தக் கல்லை யார் எங்கிருந்து எடுத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு வரவில்லை. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு போனது, கரையில் குடிசை போட்டிருந்த மீனவக் குடும்பங்கள் போயின. செத்தவர்கள் தலையில் பாவக் கணக்கு எழுதுவது நியாயமில்லை. மேலும், மன்னார் வளைகுடாப் பார்கள் அதிகம் அடிபட்டது அந்தப் புயலுக்குப் பிந்தைய இருபது முப்பது வருஷத்தில்தான். தனுஷ்கோடிச் சுவர்கள் பழைய அளவான காலத்துக்குச் சாட்சி.

இப்போது அங்கே தார்ச்சாலை அரிச்சல்முனை வரைக்கும் போகிறது. 2017இல் திறந்தார்கள். இரண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் கருநீலம். மாசி மாதத்தில் போனால் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்த்தேக்கத்தில் பூநாரைகள் நிற்கும். மணலைக் கையால் தோண்டினால் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணீர் ஊறும், இன்றும் அந்தத் தண்ணீரில்தான் அங்கே குடியிருக்கும் மீனவர்கள் சோறாக்குகிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் சுவரில் ஏறி நின்று படம் எடுப்பதும், கல்லைப் பெயர்த்து ஞாபகத்துக்குப் பையில் போட்டுக்கொள்வதும் கண்ணால் பார்க்க முடியவில்லை. வருஷத்துக்கு வருஷம் சுவர் குட்டையாகிக்கொண்டு வருகிறது.

உயிரோடு இருக்கும் பாரைப் பார்க்க வேண்டுமென்றால் ஏர்வாடிக்குப் பக்கத்தில் பிச்சைமூப்பன் வலசைக்குப் போகலாம், வனத்துறைப் படகு இருக்கிறது. தண்ணீர் தெளிந்த நாளில் பார் நன்றாகத் தெரியும். கிளை கிளையாக மான் கொம்புப் பவளம், மஞ்சளும் பழுப்புமாக உருண்டைப் பவளம், நடுவில் கிளிமீன்கள் கொத்திக்கொண்டு திரியும். வெட்டு நின்றபிறகு பல இடங்களில் புதுக் குருத்து வந்திருக்கிறது. ஆனால் இப்போது வேறு எதிரி. கோடையில் கடல் சூடேறினால், பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சாப்பாடு போடும் நுண்பாசி வெளியேறிவிடும், பவளம் வெள்ளையாகிவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும், தணியாவிட்டால் பவளம் பட்டினியில் செத்துவிடும். 1998இலும் 2010இலும் 2016இலும் இங்கே பெரிய வெளுப்பு. குருசடைப் பக்கம் தொழிலுக்காகக் கொண்டுவந்த வெளிநாட்டுக் கடற்பாசி ஒன்று பார் மேல் போர்வையாகப் படர்ந்து பவளத்தை மூச்சுத் திணற வைத்தது, கையால் பிய்த்துப் பிய்த்து எடுத்தார்கள். கடப்பாரையை நிறுத்த ஊர் முடிவெடுத்தால் போதும். கடல் சூட்டை நிறுத்த ஊர் மட்டும் முடிவெடுத்துப் பயனில்லை.

அப்புறம் அந்த வீடுகள். எங்கள் கரையில் மிச்சமிருக்கும் பவளக்கல் வீடுகள் வேகமாக இடிபடுகின்றன. பங்கு பிரிக்க முடியாமல் இடிக்கிறார்கள், மாடி வீடு வேண்டுமென்று இடிக்கிறார்கள், ரிப்பேர் பார்க்க ஆள் கிடைக்காமலும் இடிக்கிறார்கள். இடித்த கல் பள்ளம் நிரப்பப் போகிறது. இதுதான் என்னால் தாங்க முடியாதது. ஒருமுறை கடலைக் கெடுத்து எடுத்தாகிவிட்டது, இனி எடுக்கவும் கூடாது, எடுக்கவும் மாட்டோம். அப்படியானால் இருக்கிற கல் எவ்வளவு அருமையானது! எங்கே ஒரு வீடு இடிபட்டாலும் அந்தக் கல்லை அடுக்கி வைத்துப் பக்கத்து வீட்டுச் சுவரைச் சரிசெய்யலாமே. பவளம் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பதால், அதற்கு முன்னால் மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் கேட்டு அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். சுவர் உதிர்கிறது என்று சிமென்ட் பூசாதீர்கள். கல்லுக்குள் இருக்கும் உப்பும் ஈரமும் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே வந்து காய்ந்துவிடும். சிமென்ட் அடைத்துக்கொள்ளும், உப்பு உள்ளேயே பூத்துப் பூச்சையும் கல்லையும் சேர்த்துத் தள்ளும், இரண்டு மழைக்காலத்தில் பழையதைவிட மோசமாகும். கிளிஞ்சல் சுண்ணாம்பு இன்றும் கிடைக்கிறது. நீற்றி, சலித்து, மணலோடு குழைத்து ஒரு வாரமாவது புளிக்க விட்டு, மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சாகப் பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் கீழக்கரைப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் வயதாகிவிட்டது. கூப்பிடுவதென்றால் இந்தப் பங்குனிக்குள் கூப்பிடுங்கள், கூடவே ஓர் இளவட்டத்தையும் சித்தாளாக நிறுத்துங்கள்.